கிடைக்கோட்டுக்கு உள்ளே

டியூபுலின் பிரிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் ஆய்வகத்தில் முதலில் கற்றுக்கொடுப்பது ஐஸ் வைப்பதை. தெர்மோகோல் பெட்டியில் எவ்வளவு நிரப்புவது, குழாய் எவ்வளவு ஆழம் புதைய வேண்டும், உருகிய நீரை எப்போது வடிப்பது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்காது. ஆனால் இந்தப் புரதத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். குளிரில் வைத்தால் டியூபுலின் இணை இணையாகப் பிரிந்து நீரில் கரைந்து கிடக்கும். 37 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே இணைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குழலாக எழும். மறுபடி குளிர்வித்தால் மறுபடி கலையும். செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்துக்குத் தடமாகவும், செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பங்கு பிரிக்கும் கதிராகவும், மீட்டர் நீள நரம்புக்கு உள்கட்டாகவும் இருக்கும் நுண்குழல்கள் இந்த ஒரே புரதத்தால் ஆனவை.

குளிரில் கலையும் இந்தக் குணத்தால் உயிரியலே பல ஆண்டுகள் ஏமாந்தது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகும் செல்லுக்குள் நுண்குழல்கள் பரவலாகக் கண்ணில் படவில்லை. செல்லை அப்படியே நிலைநிறுத்த அன்று ஆஸ்மியம் டெட்ராக்சைடைக் குளிர்ந்த நிலையில் பயன்படுத்தினார்கள். படம் எடுப்பதற்குள் குழல்கள் பெரும்பாலும் கலைந்திருக்கும். 1963இல் குளூட்டரால்டிஹைடு பழக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டு லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவரச் செல்களில் நுண்குழல்களைத் தெளிவாகக் காட்டினார்கள். மறு ஆண்டு குறுக்குவெட்டில் எண்ணிப் பார்த்து, சுற்றுக்குப் பதின்மூன்று அலகுகள் என்றார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1950களில், ஷின்யா இனோவே தானே சீரமைத்த போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் உயிருள்ள செல்லின் கதிரைப் பார்த்திருந்தார். குளிர்வித்தால் கதிர் மறைகிறது, சூடாக்கினால் திரும்ப வருகிறது என்பதையும் காட்டியிருந்தார். அலகு அலகாகக் கூடிக் கலையும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று, அதன் பெயர்கூடத் தெரியாத காலத்தில் சொன்ன மனிதர். இந்தத் துறையில் எனக்கு அவர்மேல்தான் மதிப்பு அதிகம்.

சென்னையில் எங்களுக்கு மூலப்பொருள் கிடைக்கும் இடம் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி. மேலைநாட்டு ஆய்வகங்களில் பன்றி மூளையோ மாட்டு மூளையோ எடுப்பார்கள். நமக்கு ஆடு. மூளைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மூளையில் கரையும் புரதங்களை எடுத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டியூபுலின்தான். ஈரலிலிருந்து இந்த அளவு எடுக்க வேண்டுமென்றால் மந்தையே போதாது. விடிவதற்கு முன் போனால்தான் வெட்டிய கையோடு கிடைக்கும். தாமதமானால் மூளையே தன் நொதிகளால் தன்னைச் செரிக்கத் தொடங்கிவிடும், விளைச்சல் பாதியாகும். பத்துப் பன்னிரண்டு மூளைகளை எண்ணி எண்ணி ஐஸ் போட்ட கரைசலில் நான் இறக்குவதை முதல் தடவை பார்த்த, அங்கே வெட்டும் பாய், “இன்னா மேடம், கல்யாணமா? இவ்ளோ மூளைய ஒரே வேளைல வறுக்கப் போறீங்களா?” என்றார். “வறுக்கலை பாய், அரைக்கப் போறோம்” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மருந்து ஆராய்ச்சி என்று விளக்கினேன். அதன் பிறகு நல்லதாகப் பார்த்து அவரே தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

குளிர் அறையில் உட்கார்ந்து மூளையின் மேல்சவ்வை உரிப்பதும், ரத்தக்கட்டிகளைக் கிள்ளி எடுப்பதும் விரல் மரத்துப்போகும் வேலை. பிறகு மிக்ஸியில் அரைத்து, குளிரிலேயே அதிவேகத்தில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்துக்கொள்வோம். கரைசலுக்கு அடிப்படை பைப்ஸ் என்ற வெள்ளைத் தூள். நீரில் போட்டால் சுண்ணாம்பு கலக்கினதுபோல் அப்படியே நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. புதிதாக வந்த பிள்ளைகள் தூள் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தன்மையைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பட்டென்று தெளியும். வேலைக்கு வேண்டிய பிஎச் (pH) அளவு 6.8. கூடவே கொஞ்சம் மக்னீசியம், கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஈஜிடிஏ. இந்த ஈஜிடிஏதான் சாவி. சோதனைக்குழாயில் நுண்குழலை வளர்க்க முடியாமல் பலர் திணறிக்கொண்டிருந்தபோது, கால்சியத்தை அகற்றி, குவானோசின் டிரைபாஸ்பேட் சேர்த்து, சூடாக்கினால் வளரும் என்று 1972இல் காட்டினார் ரிச்சர்ட் வைசன்பெர்க். இன்றைக்கு நாங்கள் செய்வது அந்தச் சமையலின் திருத்திய பதிப்புதான்.

சூட்டுக் கட்டம் வரும்போது எல்லாம் தலைகீழாகும். கிளிசரால் கலந்து, டிரைபாஸ்பேட் சேர்த்து, 37 டிகிரித் தண்ணீரில் வைத்தால் நீர்போல் இருந்த கரைசல் மெல்லக் கெட்டிப்படும். இப்போது சுழற்றும் எந்திரத்தின் ரோட்டரும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த ரோட்டரில் வைத்தால் வளர்ந்த குழல்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கலைந்துபோகும், அடியில் ஒன்றும் தங்காது. சரியாக வந்தால் குழாயின் அடியில் இளநுங்குபோல் நிறமற்ற, கண்ணாடியாய்த் துலங்கும் ஒரு வில்லை நிற்கும். வெள்ளையாக இருந்தால் அழுக்கு, மஞ்சளாக இருந்தால் ரத்தம். அந்த வில்லையைக் குளிர்ந்த கரைசலில் போட்டுக் கலைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி சுழற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கூட வந்த மற்ற புரதங்களைக் கழற்றிவிடுவோம். இந்தக் கரைசலில் சூட்டில் கூடிக் குளிரில் கலைகிற முக்கியப் புரதம் இதுதான் என்பதால் அந்தக் குணத்தையே வடிகட்டியாக்கிக்கொள்கிறோம். முடிவில் சின்னச் சின்னச் சொட்டுகளாகத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80இல் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

இப்படி எடுத்த புரதம் நல்லதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, 350 நானோமீட்டர் ஒளியை ஊடுருவவிட்டு, சூடாக்கிக்கொண்டே கலங்கலை அளப்பது. முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கோடு சரசரவென்று ஏறும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றம் நின்று கிடைக்கோடாகிவிடும். அந்தக் கிடைக்கோட்டைப் பார்த்து “சரி, முடிந்தது, எல்லாம் நிலைத்துவிட்டது” என்று எழுந்துபோவதுதான் வழக்கம். கருவி பொய் சொல்லவில்லை. குழலாக இருக்கும் புரதத்தின் மொத்த அளவு உண்மையிலேயே மாறாமல்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளே எதுவும் நிலைத்து நிற்பதில்லை. என் வேலையின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதிலேயே போகிறது.

அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும். மிச்சிசன் அப்போது ஆராய்ச்சி மாணவர். மொத்த அளவு மாறாமல் நிற்கும் கட்டத்தில் குழல்களை நிறுத்தி எண்ணினார்கள், நீளம் அளந்தார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மிச்சம் இருந்தவற்றின் சராசரி நீளம் கூடிக்கொண்டே வந்தது. அதாவது, ஒரே குப்பியில், ஒரே சூட்டில், ஒரே கரைசலில் பெரும்பாலான குழல்கள் மெதுவாக வளர, சில மட்டும் வேகமாகக் கரைந்து காணாமல் போகின்றன. கரைந்தவற்றின் புரதத்தை எடுத்துக்கொண்டுதான் மற்றவை வளர்கின்றன. 1984இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரைகள் இதற்கு ‘டைனமிக் இன்ஸ்டபிலிட்டி’ என்று பெயர் வைத்தன. தமிழில் இயங்கு நிலையின்மை எனலாம். சமநிலை வந்தால் ஒவ்வொரு முனையிலும் வருவதும் போவதும் சரிக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது எளிதில் ஜீரணமாகவில்லை. ஈராண்டு கழித்து ஜப்பானில் ஹோரியோவும் ஹோட்டானியும் இருள்புல மைக்ரோஸ்கோப்பில் ஒரே குழல் வளர்வதையும், திடீரெனச் சுருங்குவதையும், மறுபடி வளர்வதையும் நேரடியாகவே படம் பிடித்தார்கள். அதோடு வாதம் ஓய்ந்தது.

காரணம் அந்த டிரைபாஸ்பேட்டில் இருக்கிறது. டியூபுலின் என்பது ஆல்பா, பீட்டா என இரண்டு புரதங்கள் ஒட்டிய இணை. நீளம் 8 நானோமீட்டர். இணைகள் தலைக்கு வால் என வரிசையாகக் கோத்து இழையாகின்றன. பெரும்பாலும் பதின்மூன்று இழைகள் பக்கவாட்டில் ஒட்டி, 25 நானோமீட்டர் அகலக் குழலாகின்றன. எல்லா இணையும் ஒரே திசையில் நிற்பதால் குழலுக்கு இரண்டு முனைகளும் வேறு வேறு. பீட்டா வெளியே தெரியும் முனை வேகமாக வளரும். அதைப் பிளஸ் முனை என்கிறோம். பீட்டாவின் பிடியில் ஒரு குவானோசின் டிரைபாஸ்பேட் இருக்கும்போது இணை குழலில் வந்து சேரும். சேர்ந்த சற்று நேரத்தில் மூன்று பாஸ்பேட்டில் ஒன்று கழன்று டைபாஸ்பேட் ஆகிவிடும். டை நிலையில் இருக்கும் இணைக்கு நேராக நிற்பதில் விருப்பம் இல்லை. வெளிப்பக்கம் வளையப் பார்க்கும். ஆனால் குழலின் நடுவில் மாட்டிக்கொண்டதால் வளைய முடியாமல் இறுக்கத்தோடு நிற்கும். முனையில் மட்டும் புதிதாக வந்த டிரை இணைகள் ஒரு மூடியாக இருந்து அத்தனையையும் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த மூடி போனால் பதின்மூன்று இழைகளும் வெளிப்பக்கமாகச் சுருண்டு உரிந்துகொண்டு வரும். டிரைபாஸ்பேட்டைப்போலவே இருந்து, ஆனால் லேசில் உடையாத ஒரு செயற்கை மூலக்கூறைக் கொடுத்தால் குழல் அப்படியே நிற்கும், சரியாது. சரிவுக்கான செலவு கட்டுமானத்துக்குள்ளேயே செய்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கும் அறை எங்கள் கட்டிடத்தில் இருட்டாக ஒரு மூலையில் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்புக்குப் பெயர் டர்ஃப். கண்ணாடிப் பரப்புக்கு மேலே 100, 200 நானோமீட்டர் மட்டும் ஒளியூட்டும். மேலே மிதக்கும் நிறமேற்றிய புரதம் பளபளத்துக் கண்ணை மறைக்காது. வேலைக்கான அறையை நாங்களே செய்துகொள்வோம். கண்ணாடித் தகடு, அதன்மேல் இரண்டு கீற்று டபுள் டேப், அதன்மேல் மெல்லிய மூடுகண்ணாடி. நடுவில் பத்து மைக்ரோலிட்டர் பிடிக்கும் இடுக்கு. ஓரத்தை அடைக்க நெயில் பாலிஷ். கண்ணாடியைக் கழுவும் வேலை ஒன்றுக்கே ஒரு நாள் போகும். ஒரு விரல்ரேகை போதும், புரதம் முழுவதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

சரியாத குட்டிக் குழல்களை, சிவப்பு நிறமேற்றி, முதலில் கண்ணாடியில் ஒட்டவைப்போம். விதை என்று அவற்றுக்குப் பெயர். பிறகு பச்சை நிறமேற்றிய டியூபுலினை டிரைபாஸ்பேட்டோடு உள்ளே விடுவோம். லென்ஸைச் சுற்றிய வளையம் 35 டிகிரிக்குச் சூடேறியிருக்கும். அறையின் ஏசியை 20க்குக் குறைத்தால் லென்ஸ் சூடு ஆடும், ஃபோகஸ் நழுவும். சென்னை மே மாதத்தில் இதை ஏசியில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடு. ஒளியும் ஒரு எதிரி. லேசரை ஏற்றினால் நிறமூலக்கூறு ஆக்சிஜனைக் கிளப்பிவிட, குழல் நடுவிலேயே நொறுங்கும். அதனால் குளுகோஸும் அதை உண்ணும் நொதிகளும் சேர்த்துக் கரைசலிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவோம். அந்த நொதி வேலை செய்யச் செய்யக் கரைசல் புளிக்கும். ஆக, எல்லாம் கூடி வந்தபின் பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான்.

சிவப்பு விதையின் நுனியிலிருந்து பச்சைக் கோடு ஒன்று நீளும். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரான். கேட்க மெதுவாகத்தான் இருக்கும். ஒரு மைக்ரான் நீளத்தில் 1,600க்கு மேல் இணைகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டால் நொடிக்கு இருபத்தேழு இணைகள் வந்து பொருந்துகின்றன. உண்மையில் இதைவிட அதிகமாகவே வருகின்றன, சேர்ந்தவற்றில் பல உடனே கழன்றுபோகின்றன. மிச்சம் நிற்பதுதான் வளர்ச்சி. நான்கைந்து நிமிடம் இப்படிப் போகும். பக்கத்தில் இன்னொரு குழல் அதே வேகத்தில் வளரும். திடீரென்று முதல் குழலின் நுனி மங்கும். அடுத்த படத்தில் பாதி இல்லை. அதற்கடுத்த படத்தில் சிவப்பு விதை மட்டும் நிற்கிறது. சரியும் வேகம் நிமிடத்துக்கு இருபது மைக்ரானுக்கு மேல். பக்கத்துக் குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்கு வளர்கிறது. முதல் விதையிலிருந்து ஒரு நிமிடத்தில் புதுக் குழல் கிளம்பும். சில சமயம் சரிந்து வரும் குழல் பாதியில் நின்று மறுபடி வளரும். இதை ‘ரெஸ்க்யூ’ என்கிறோம், முந்தையதைக் ‘கேட்டஸ்ட்ரோஃபி’ என்கிறோம். குறிப்பேட்டில் பிள்ளைகள் ‘கே’, ‘ரெ’ என்று குறித்துக்கொண்டே போவார்கள். எந்தக் குழல் எப்போது சரியும் என்று சொல்லவே முடியாது. ஆனால் முற்றிலும் குருட்டுச் சூதாட்டமும் அல்ல. இப்போதுதான் முளைத்த குழலைவிட நெடுநேரம் வளர்ந்த குழல் சரிய வாய்ப்பு அதிகம் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்தக் குழல்களுக்கும் வயதாகிறது.

இத்தனை எரிபொருளைச் செலவழித்துக் கட்டியதைச் செல் ஏன் இடிக்க வேண்டும்? செல் பிரியும் நேரத்தைப் பார்த்தால் விடை தெரியும். குரோமோசோம்கள் எங்கே கிடக்கின்றன என்று குழலுக்குத் தெரியாது. எல்லாத் திசையிலும் நீண்டு பார்க்கும், ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் சரிந்து, வேறு திசையில் கிளம்பும். தற்செயலாக ஒரு குரோமோசோமின் பிடிமானத்தில் முட்டினால் அந்தக் குழல் மட்டும் நிலைக்கும். கிர்ஷ்னரும் மிச்சிசனும் 1986இல் முன்வைத்த இந்தத் தேடிப்பிடிக்கும் யோசனை பின்னாளில் உயிருள்ள செல்லிலேயே பார்க்கப்பட்டது. நிலையாக நிற்கும் குழலுக்கு ஒரு திசைதான் தெரியும். அதனால்தான் பிரிவு நெருங்கும்போது செல் சரிவை முடுக்கிவிடுகிறது. சாதாரண நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் இருந்த குழலின் அரைவாழ்வு கதிரில் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்குகிறது.

முடுக்குவதற்கும் தடுப்பதற்கும் செல்லிடம் ஆட்கள் உண்டு. எக்ஸ்மேப்215 என்ற புரதம் முனையிலேயே உட்கார்ந்து இணைகளை வேகமாகச் சேர்க்கும். அதனால்தான் செல்லுக்குள் வளர்ச்சி நம் கண்ணாடித் தகட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். கினசின்-13 குடும்பத்தார் முனையை வளைத்து உரித்துவிடுவார்கள். ஈபி1 வளரும் முனையை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டும், சரியத் தொடங்கினால் விலகிவிடும். ஈபி1க்குப் பச்சை நிறம் கட்டி உயிருள்ள செல்லில் பார்த்தால் வளரும் முனைகள் எல்லாம் புள்ளிகளாக ஓடுவது தெரியும். கட்டானின் என்று ஒன்று குழலை நடுவில் வெட்டும். ஜப்பானிய வாளின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

என் சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். கார்த்திகைப் பூ, செங்காந்தள், மாநில மலர் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வதை எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கம்பிப் பந்தலில் ஏற்றி, காலையில் ஆட்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். விதை வெளிநாட்டுக்குப் போகிறது. ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது சித்தப்பா கேட்டார்: “ஏங்கண்ணு, நாயி நரி தின்னாச் செத்துப்போகும்ங்கறாங்க. அந்த விதைய எதுக்கு இத்தன வெல குடுத்து வாங்கறான்?” “அதுல கோல்சிசின்னு ஒண்ணு இருக்குதுங்க சித்தப்பா. நான் டப்பால வச்சு அளந்து போடறதே அதத்தானுங்க” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கோல்சிசின் டியூபுலின் இணையின் ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் இடையில் சொருகி, இணையை நேராக விடாமல் வளைத்தே வைத்திருக்கும். அப்படி ஒன்று குழல் முனையில் போய் ஒட்டினால் அடுத்தது பொருந்தாது. டியூபுலினே இந்தக் கோல்சிசின் பிடித்துக் காட்டிய புரதம்தான். 1960களில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கக் கோல்சிசினை விட்டு, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடித்தான் இதைப் பிடித்தார்கள். யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்தாகும் அதே பொருள், தாவரத்தில் குரோமோசோமை இரட்டிப்பாக்கி விதையில்லாத் தர்பூசணிக்கு வழிசெய்யும். அளவு சற்று மீறினால் மனிதரைக் கொல்லும். வீட்டில் கிழங்கு கிடந்தால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நித்தியகல்யாணியின் கதையும் இதே குழலைத் தொட்டது. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலையில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள்தான் குறைந்தன. 1958இல் குழலைக் கலைக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் வந்தது. குடற்புழுவுக்குப் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் புழுவின் டியூபுலினைப் பிடிக்கும். நிலக்கடலை விதைநேர்த்திக்குப் போடும் கார்பெண்டசிம் பூஞ்சையின் டியூபுலினைப் பிடிக்கும். எல்லாம் ஒரே புரதம், சிறு சிறு வேறுபாடு.

டாக்சால் இவற்றுக்கு நேர் எதிர். அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானியும் 1971இல் அதன் அமைப்பைக் கண்டார்கள். 1979இல் நியூயார்க்கில் சூசன் ஹோர்விட்ஸின் ஆய்வகம் அது குழலைக் கலைக்கவில்லை, கலையவிடாமல் கட்டிவிடுகிறது என்று காட்டியது. ஐஸில் வைத்தாலும் கலையாத குழல்! எங்கள் கூடத்தில் ஒரு சொட்டு டாக்சால் தவறுதலாகக் கலந்தால் ஐஸ் பெட்டிக்கு வேலையே இல்லாமல் போகும். கலைக்கும் மருந்தும், கலையவிடாத மருந்தும் எப்படி ஒரே புற்றுநோய்க்குப் போகும் என்று மாணவர்கள் கேட்காத ஆண்டு இல்லை. இதற்கும் விடை அந்தக் கிடைக்கோட்டுக்குள்தான். மேரி ஆன் ஜோர்டானும் லெஸ்லி வில்சனும் மிகக் குறைந்த அளவில் இந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். செல்லில் குழலின் மொத்த அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கலங்கல் சோதனையில் ஒன்றுமே தெரியாது. ஆனால் நீள்வதும் சரிவதும் மட்டுப்பட்டுவிடுகின்றன, செல் பிரிய முடியாமல் நடுவழியில் நிற்கிறது. குழல் இருந்தும் பயனில்லை, அதன் ஆட்டம் போய்விட்டது.

நரம்புக்கு டாக்சால் வேறு விதமாக வலிக்கிறது. பக்லிடாக்செல் (டாக்சாலின் மருந்துப் பெயர்) ஏற்றிக்கொண்டிருந்த என் அத்தை ஒருநாள் தொலைபேசியில், “செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியலம்மா, கால் மரக்கட்டையா இருக்கு” என்றார். முதலில் பாதம், பிறகு விரல் நுனி. நரம்பிழையில் நீளம் அதிகமானது எதுவோ அது முதலில் அடிவாங்குகிறது. முதுகிலிருந்து பாதம் வரை ஒரே செல்லின் இழை. அதில் செல் பிரிவே கிடையாது, கதிரும் கிடையாது, குழல்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. அப்புறம் ஏன் பாதிக்கிறது என்று அத்தை கேட்கவில்லை, நான்தான் யோசித்தேன்.

நிலையான குழல் என்று செல்லில் எதைச் சொல்கிறோம் என்பதிலேயே இப்போது வாதம் நடக்கிறது. நெடுநாள் நிற்கும் குழல்களின் உள்சுவரில், ஆல்பாவின் நாற்பதாவது இடத்து லைசினில் அசிட்டைல் குறி விழுந்திருக்கும். வயதுக்கு அடையாளமாக அதைத்தான் நிறமேற்றிப் பார்ப்போம். மூளையில் ஐஸுக்கும் அசையாத குழல்கள் உண்டு. மேப்6 என்ற புரதம் அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. எங்கள் முதல் குளிர்ச் சுழற்சியில் அடியில் தங்கி வீணாகும் டியூபுலினில் ஒரு பங்கு அவைதான். அண்டார்டிக் கடலில், நீர் உறையும் விளிம்பில் வாழும் மீன்களுக்கோ டியூபுலினே மாறியிருக்கிறது. நம் ஆட்டுக் குழல் கலையும் குளிரில் அவற்றின் குழல் வளரும்.

நடுச்சுவரும் நாம் நினைத்ததுபோல் கட்டிமுடித்த சுவர் இல்லை. பிரான்சின் கிரெனோபிளில் தெரி, பிளாஞ்சுவான் இருவரும் 2015இல் வெளியிட்ட சோதனையில் குழலை நீரோட்டத்தால் திரும்பத் திரும்ப வளைத்தார்கள். வளைக்க வளைக்கக் குழல் தொய்ந்தது. சற்று ஓய்வு கொடுத்து, கரைசலில் டியூபுலினும் இருந்தால் விறைப்பு திரும்பியது. நடுவில் உதிர்ந்த இணைகளுக்குப் பதில் புதியவை வந்து அமர்கின்றன. அப்படிப் பழுதுபார்த்த இடங்களில்தான் சரிந்துவரும் குழல் நின்று திரும்ப வளர வாய்ப்பு அதிகம் என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும் குழல்தான். உள்ளே ஆள் மாற்றிக்கொண்டிருக்கிறது.

டாவ் புரதத்தின் கதை இதைவிடச் சிக்கல். 1975இல் கிர்ஷ்னரின் ஆய்வகமே அதைக் கண்டுபிடித்தது, டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு வந்து குழல் வளர உதவும் புரதமாக. அல்சைமர் நோயில் கழன்று முடிச்சாகிப்போவதும் அதுதான். நரம்பின் குழல்களை நிலைப்படுத்துவது டாவ் என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. டாவ் கழன்றால் குழல் கலையும், ஆகவே குழலைக் கட்டிவைக்கும் மருந்து கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் நோயாளிகள்வரை போனார்கள். பலன் வரவில்லை. நரம்பிழையில் ஒவ்வொரு குழலுக்கும் நிலைத்த ஒரு பகுதியும், அதிலிருந்து நீண்டு சரியும் ஒரு பகுதியும் உண்டு என்று பீட்டர் பாஸ் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறவர். 2018இல் அவருடைய குழு எலி நரம்புச் செல்களில் டாவைக் குறைத்துப் பார்த்தது. குறைந்தது நிலைத்த பகுதி அல்ல, நீண்டு சரியும் பகுதி. டாவின் வேலை குழலைக் கட்டிப்போடுவதல்ல, ஒரு பகுதியை ஆடவிடுவது என்பது அவர்கள் கட்சி. எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். என் சார்பு அவர்கள் பக்கம். டாக்சால் ஏற்றிய நரம்புக்கு என்ன ஆகிறது என்பதை அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான், ஆட்டத்தை நிறுத்துவதை வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

எங்கள் மேசையில் டாவ் நெடுநாள் கழிவாகவே இருந்தது. டியூபுலினைச் சுத்தம் செய்ய டாவைப் பாஸ்போசெல்லுலோஸ் தூணில் மாட்டிவைத்து, உப்புநீர் விட்டு இறக்கி, தொட்டியில் கொட்டுவோம். இப்போது கொட்டுவதில்லை. டாவ் கொதிக்கவைத்தாலும் கெடாத புரதம். தூணிலிருந்து இறங்கிய நீரைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தால் மற்றவை பெரும்பாலும் முட்டைவெள்ளைக்கருபோல் திரிந்து அடியில் தங்கும், டாவ் மேலே தெளிவில் நிற்கும். அதை எடுத்து, டர்ஃப் அறையில் பச்சைக் குழல்களின் மேல் விட்டு, எந்த நீளத்தில் சரிகிறது, எங்கே நின்று திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கிறோம். கலங்கல் கோட்டையும் கூடவே எடுக்கிறோம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கேட்டால் காட்ட வேண்டுமே.